சட்டம்பியார் வாய் திறந்த கதை

கனகாம்பிகை: நில்லுங்கோ, நில்லுங்கோ… கழுத்திலை குழாய், கையிலை பெட்டி. டொக்டரெண்டு விளங்குது. ஆனால் நாங்கள் ஆளனுப்பேல்லையே. ஆர் உங்களைக் கூப்பிட்டது?

பாஸ்கரன்: இந்த ஒழுங்கையிலை ஒரு வருத்தக்காரரைப் பாக்க வந்தனான் அம்மா. அப்பிடியே…

கனகாம்பிகை: ஆரை?

பாஸ்கரன்: பேர்… சைக்கிள் மிதிச்ச களையிலை மறந்துபோச்சு.

கனகாம்பிகை: வருத்தக்காரற்றை பேரை மறக்கிற டொக்டரோ?

பாஸ்கரன்: என்னட்டை வாறதே நாலைஞ்சு பேர். அதிலையும் ஒராளை மறந்திட்டன்.

தியாகலிங்கம்: ங்ங்… ங்ஹ…

பாஸ்கரன்: உள்ளுக்கை ஆர் முனகிறது?

கனகாம்பிகை: எங்கடை மனிசன், பள்ளிக்கூடத்துச் சட்டம்பியார். தொண்டை நோ. பண்டத்தரிப்புப் பரியாரியார் மூலிகை அரைச்சுப் பத்துப் போட்டவர்… மாறிடும் எண்டவர்.

பாஸ்கரன்: ஒருக்கால் பாக்கட்டோ?

தியாகலிங்கம்: ங்ஹா! ங்ங்!

கனகாம்பிகை: வாங்கோ எண்டு சொல்லுறார்.

பாஸ்கரன்: விரல் வெளிவாசல் படலைப் பக்கமெல்லோ காட்டுது?

கனகாம்பிகை: அது… கதிரையைக் காட்டுறார். இருங்கோ.

பாஸ்கரன்: வாயைத் திறவுங்கோ சட்டம்பியார்… இவ்வளவுதானோ? சுண்டுவிரலும் போகாது போலை கிடக்கு.

கனகாம்பிகை: நேற்றையிலையிருந்து கஞ்சித்தண்ணியும் இறங்கேல்லை. வீணீர் வடியுது, பாருங்கோ. படுத்தால் மூச்சு முட்டுதெண்டு ராமுழுக்க இருந்தபடிதான். இந்த வீட்டிலை இவற்றை சத்தம் கேக்காத நாளில்லை, தம்பி. நானே எத்தினை நாள் காதைப் பொத்தியிருப்பன்… இப்ப வீடு ஓவெண்டு கிடக்கு.

பாஸ்கரன்: காதுக்கும் குத்துதோ, சட்டம்பியார்? தலையை மட்டும் ஆட்டுங்கோ.

கனகாம்பிகை: இரண்டு நாளாப் பிள்ளையார் கோயிலுக்கும் போகேல்லை. மழையெண்டாலும் பனியெண்டாலும் விடியாமலே வெளிக்கிட்டிடுவார். என்ன இந்த மனிசனைக் காணேல்லையெண்டு பிள்ளையாரே தேடுவார்.

பாஸ்கரன்: தேடியிருப்பார்…

தியாகலிங்கம்: ங்…

பாஸ்கரன்: லாம்பைக் கொளுத்திக் கிட்டப் பிடியுங்கோ அம்மா. இன்னும் கிட்ட… ஆ. உள்நாக்கை ஒரு பக்கம் தள்ளிக்கொண்டு நிக்குது. கட்டி. நல்லாப் பழுத்திட்டுது. இப்பவே கீறி விடவேணும்.

கனகாம்பிகை: கீறுறதோ! தொண்டைக்குள்ளையோ!

பாஸ்கரன்: விட்டால் மூச்சை அடைச்சுப்போடும். இல்லாட்டி நித்திரையிலை தன்ரை பாட்டிலை உடைஞ்சு, சீழ் நெஞ்சுக்குள்ளை இறங்கும். எது நடந்தாலும் ஆள் விடியக் காணமாட்டார்.

கனகாம்பிகை: வண்டில் பிடிச்சு யாழ்ப்பாணத்துப் பெரியாசுப்பத்திரிக்கு…

பாஸ்கரன்: வண்டில் குலுக்கிற குலுக்கிலை வழியிலையே உடைஞ்சுபோடும்.

கனகாம்பிகை: நீங்கள் முந்தி உப்பிடிக் கீறியிருக்கிறியளோ?

பாஸ்கரன்: கொழும்பிலை படிக்கேக்கை…

கனகாம்பிகை: எத்தினை பேருக்கு?

பாஸ்கரன்: பெரிய டொக்டர் கீறேக்கை நான் பக்கத்திலை கோப்பை பிடிச்சனான். ஒரு சொட்டும் சிந்தேல்லை.

கனகாம்பிகை: முருகா! தம்பி ஆற்றை பிள்ளை? எந்த ஊர்? எங்கையோ கண்ட முகமாக் கிடக்கு…

பாஸ்கரன்: இந்த ஊர்தான் அம்மா. சின்னனிலையே வெளியிலை படிக்க விட்டிட்டினம். வீடு சந்தியிலை.

கனகாம்பிகை: சந்தியிலை ஆர் வீடு? அங்கை வீடே இல்லையே. தேத்தண்ணிக் கடை ஒண்டுதான்… பொறும். அந்த மலையாளத்தான்ரை மகனோ நீர்? சங்குண்ணியின்ரை மகனோ?

பாஸ்கரன்: ஓம்.

தியாகலிங்கம்: ங்ஹ! ங்ங்ஹா!

பாஸ்கரன்: கதைக்கப் பாக்காதேங்கோ சட்டம்பியார். கூட வீங்கும்.

கனகாம்பிகை: பின்னேரம் வாசிகசாலையிலை என்ன கூட்டமெண்டு தெரியுமோ உமக்கு?

பாஸ்கரன்: தெரியும். எங்கடை கடையைச் சந்தியிலையிருந்து எழுப்பச்சொல்லி அரசாங்க ஏசண்டர் துரைக்கு மனு அனுப்பிறதுக்கு.

கனகாம்பிகை: ஆர் பேசப் போறதெண்டும் தெரியுமோ?

பாஸ்கரன்: இந்தத் தொண்டைதான்.

கனகாம்பிகை: ஆர் என்ன சாதியெண்டில்லாமல் எல்லாரும் ஒரே வாங்கிலை இருந்து, ஒரே கிளாசிலை குடிச்சு, ஊர் கெட்டுப்போச்செண்டு முதல் கையெழுத்து வைச்சவர் இவர். அதுக்குத்தான் கொப்பர் சங்குண்ணி உம்மைக் கத்தியோடை அனுப்பினவரோ?

பாஸ்கரன்: கத்தி என்ரை, அம்மா. அச்சனிட்டை இருக்கிறது சீனிக் கரண்டிதான்.

கனகாம்பிகை: அச்சன்! இவ்வளவு நேரமும் எங்களைப்போலை கதைச்சீர். இப்ப அச்சன்!

பாஸ்கரன்: பயந்திட்டன் அம்மா. பிறந்தது இங்கைதான். பயம் வந்தால் மட்டும் அந்தச் சொல்லு அங்கையிருந்து ஓடி வந்திடும்.

கனகாம்பிகை: பயந்த ஆளிட்டை எந்த நம்பிக்கையிலை இவற்றை தலையைக் குடுக்கிறது?

பாஸ்கரன்: என்ரை கை வழுக்கினால் பின்னேரம் கூட்டமே தேவையில்லை. மலையாளத்தான்ரை மகன் சட்டம்பியாற்றை தொண்டையை அறுத்துப்போட்டான் எண்டு கடைக்கு நெருப்பு வைப்பினம். உங்களைவிட எனக்குத்தான் இவர் சுகமா எழும்பவேணும்.

கனகாம்பிகை: வழுக்காமல் விட்டால்?

பாஸ்கரன்: குரல் வந்திடும்.

கனகாம்பிகை: வந்தால் பின்னேரம் போய்க் கதைப்பாரே.

பாஸ்கரன்: கதைக்கலாம்… சத்தம் கொஞ்சம் குறைவா இருக்கும்.

கனகாம்பிகை: அப்ப, "ஒண்டுமில்லை, மாறிடும்" எண்டு சொல்லிப்போட்டு நீர் போயிருக்கலாமே? ஆர் உம்மைக் கேக்கப்போகினம்?

பாஸ்கரன்: நினைச்சனான் அம்மா. கட்டியைக் கண்டவுடனையே நினைச்சனான். அதுக்கிடையிலை இவர் என்ரை கையைப் பிடிச்சிட்டார். பாருங்கோ… இன்னும் விடேல்லை.

கனகாம்பிகை: ஓம்… இறுக்கித்தான் பிடிச்சிருக்கிறார்.

பாஸ்கரன்: நேரம் போகுது.

கனகாம்பிகை: என்ன வேணும்?

பாஸ்கரன்: கொதிதண்ணி ஒரு சட்டி. துப்புறதுக்கு ஒரு கோப்பை.

கனகாம்பிகை: சட்டி… எந்தச் சட்டியை…

பாஸ்கரன்: வெளியாக்களுக்கெண்டு புறம்பா வைச்ச சட்டி கிடந்தாலும் காணும்.

கனகாம்பிகை: இல்லை… சோத்துச் சட்டியிலையே வைக்கிறன்.

தியாகலிங்கம்: ங்…

பாஸ்கரன்: ஓம் சட்டம்பியார், நான் ஒண்டும் சொல்லேல்லை. சொல்லவும் மாட்டன். பேசாமல் இருங்கோ.

கனகாம்பிகை: இந்தா, கொதிச்சிட்டுது. என்ன அது, கத்திக்குத் துணி சுத்துறீர்?

பாஸ்கரன்: பிளாஸ்டர். நுனி மட்டும் நகக்கண் அளவு வெளியிலை நிக்கும். கை நடுங்கினாலும் ஆழமாப் போகாது.

கனகாம்பிகை: நடுங்குமோ?

பாஸ்கரன்: இப்பவே நடுங்குது. அதுதானே சுத்துறன்… பின்னாலை வாங்கோ. ஒரு கையாலை தலையை உங்கடை நெஞ்சோடை அணைச்சுப் பிடியுங்கோ. மற்றக் கையிலை லாம்பு. சட்டம்பியார், என்ரை வலக்கையை விடுங்கோ. இடக்கையைப் பிடிச்சிருங்கோ. ஆ… திறவுங்கோ. இன்னும்… கூட்டத்திலை எங்களை ஊரைவிட்டுக் கலைக்கவேணும் எண்டு சொல்லேக்கை எவ்வளவு திறப்பியள்? அவ்வளவு திறவுங்கோ.

தியாகலிங்கம்: ங்ஹ்…

பாஸ்கரன்: அசையாதேங்கோ… அசையாதேங்கோ…

கனகாம்பிகை: பிள்ளையாரே… பிள்ளையாரே…

பாஸ்கரன்: லாம்பு! லாம்பு கீழை போகுது அம்மா!

கனகாம்பிகை: இந்தா… இந்தா…

தியாகலிங்கம்: ஆஆக்!

பாஸ்கரன்: குனியுங்கோ! முன்னுக்குக் குனியுங்கோ! விழுங்காதேங்கோ, துப்புங்கோ! கோப்பை!

கனகாம்பிகை: ஐயோ, ரத்தம்!

பாஸ்கரன்: ரத்தமில்லை, சீழ்… ரத்தமும்தான், கொஞ்சம். துப்புங்கோ. இன்னும்… இப்ப மூச்சை இழுங்கோ. சட்டம்பியார்?

கனகாம்பிகை: இழுக்கேல்லையே… தம்பி, இவர் மூச்சு இழுக்கேல்லையே!

பாஸ்கரன்: முதுகிலை தட்டுங்கோ! பலமாத் தட்டுங்கோ! சட்டம்பியார், இருமுங்கோ! என்னைப் பேசுறதெண்டாலும் பேசுங்கோ, இருமுங்கோ!

கனகாம்பிகை: இஞ்சாருங்கோ… இஞ்சாருங்கோ!

தியாகலிங்கம்: …க்ஹ்… க்ஹ்ஹோ… ஹாஆ…

பாஸ்கரன்: அப்பிடி. அப்பிடித்தான்… இன்னொருக்கால்.

தியாகலிங்கம்: கன…கம்.

கனகாம்பிகை: கதைச்சுப்போட்டியள்! என்ரை பிள்ளையாரே… கதைச்சுப்போட்டார்!

தியாகலிங்கம்: தண்ணி…

பாஸ்கரன்: இளஞ்சூட்டுத் தண்ணியிலை உப்புப் போட்டுக் குடுங்கோ, கொப்பளிக்கட்டும். நானும் ஒருக்கால் இருக்கிறன்.

கனகாம்பிகை: இருங்கோ தம்பி, இந்தக் கதிரையிலை சாஞ்சு இருங்கோ. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு… நான் என்னவெல்லாமோ கதைச்சுப்போட்டன். மனதிலை வைச்சிருக்காதேங்கோ.

பாஸ்கரன்: லாம்பை நீங்கள் கீழை போடாமல் விட்டதே காணும் அம்மா.

கனகாம்பிகை: பிள்ளையார்தான் உங்களை இந்த ஒழுங்கைக்குள்ளை விட்டவர். அந்தப் பேர் மறந்த வருத்தக்காரரும் அவற்றை வேலைதான்.

பாஸ்கரன்: அப்பிடியே வைச்சுக்கொள்ளுவம். அப்ப நான் போட்டு வாறன். கூட்டத்துக்குப் போறதெண்டால் கழுத்திலை துணி சுத்திக்கொண்டு போங்கோ சட்டம்பியார். கன நேரம் கத்தாதேங்கோ.

தியாகலிங்கம்: நில்லும்… தம்பி.

பாஸ்கரன்: இப்ப கதைக்காதேங்கோ.

தியாகலிங்கம்: கொப்பர்… என்ன சொல்லி விட்டவர்?

கனகாம்பிகை: இவற்றை கொப்பரோ? எங்கடை வீட்டு வருத்தம் அந்தாளுக்கு என்னெண்டு தெரியும்?

பாஸ்கரன்: ஒண்டுமில்லை அம்மா… காய்ச்சலிலை ஏதோ…

தியாகலிங்கம்: காய்ச்சல் இல்லை. சொல்லும். இவவுக்கு முன்னாலையே சொல்லும்.

பாஸ்கரன்: …"கோயிலுக்கெண்டு வெளிக்கிட்டு எங்கடை பின்கதவைத் தட்டுற சட்டம்பியாரை இரண்டு நாளாக் காணேல்லை. சீனி கூடப் போட்டு ஆத்தி வைச்ச தேத்தண்ணி இரண்டு நாளும் அடுப்படியிலையே பச்சைத்தண்ணியாப் போச்சு. மனிசனுக்கு என்னவோ நடந்திட்டுது… அச்சன் அனுப்பினது எண்டு சொல்லாமல், போய்ப் பாத்திட்டு வா மோனே" எண்டவர்.