விறகுக் கொட்டகையில் ஒரு துணிக்கொடி

மஞ்சு தவழும் நடுவட்டத்து மலைச்சரிவில், எங்கள் மகளிர் குழுவின் ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று வீற்றிருக்கும் தோட்ட மேலாளர் மதிப்பிற்குரிய தினகரன் ஐயா அவர்களே! கம்பளியைப் போர்த்தியபடி கனிவோடு அமர்ந்திருக்கும் பெரியோர்களே! பகலெல்லாம் கொழுந்து பறித்த கைகளால் மாலையில் கைதட்ட வந்திருக்கும் தாய்மார்களே! எனக்கு முன்பே பேசத் தொடங்கிவிட்ட மடிக்குழந்தைகளே! உங்கள் யாவருக்கும் இக்குழுவின் செயலாளர் சுஜாதாவின் பணிவார்ந்த வணக்கம்.

தாமதமாய் வந்தமைக்கு முதற்கண் மன்னிப்புக் கோருகிறேன். கூடலூரில் துணி எடுத்துக்கொண்டு நான் ஏறிய பேருந்து, கொண்டை ஊசி வளைவில் படுத்துக்கொண்ட ஒரு லாரியின் பின்னே தவமிருந்தது. தவம் பேருந்துக்கு, தண்டனை உங்களுக்கு.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் பிரிந்தவள். பொட்டலம் கட்டிய தாளைக்கூட விரித்து வைத்துப் படித்துத் தமிழ் கற்றவள். அப்படிக் கற்ற தமிழை இன்று எதற்குச் செலவிடப் போகிறேன்? வானத்தை வருணிக்கவா? வரலாற்றைப் பாடவா? இல்லை, தாய்மார்களே! நம் குழந்தைகளின் இடுப்பில் கட்டும் துணியைப் பற்றிப் பேசப் போகிறேன்.

சிரிக்கிறீர்கள். நன்றாகச் சிரியுங்கள். துவைக்கும்போது யாரும் சிரிப்பதில்லை!

முன்வரிசையில் அமர்ந்திருக்கும் செல்வியை நீங்கள் அறிவீர்கள். அவர் சம்மதத்தோடுதான் இதைச் சொல்கிறேன். தற்காலிகத் தொழிலாளியாய் மலையேறி இறங்கும் செல்விக்கு, இந்த மழைக்காலம் முழுவதும் விடுப்பின்றி வேலைக்கு வந்தால் பணி நிரந்தரம் என்று நம் மேலாளர் ஐயா வாக்களித்திருக்கிறார். ஆனால் கைக்குழந்தையைக் காப்பகத்தில் விட்டால்தானே வேலைக்கு வர முடியும்? காப்பகத்து இசக்கியம்மா அக்காவோ கண்டிப்பானவர். "பாக்கெட் டயப்பர் கட்டி விடுங்க, இல்லீன்னா நல்லாக் காஞ்ச துணி குடுத்து விடுங்க. ஈரத்துணி கொண்டாந்தா புள்ளையோட சேத்தித் திருப்பி அனுப்பிருவேன்" என்பார். அது குற்றமா? குளிரில் குழந்தைகளைக் காக்கும் குணம் அது!

கோடைக்கு முன்பு ஒருநாள், தோட்டத்து வரிசை வீடுகளான நம் லயத்தில் செல்வியின் வீட்டைக் கடந்தேன். குழந்தை வீறிட்டழும் குரல். உள்ளே போனேன். இடுப்பெல்லாம் சிவந்து புண்ணாகியிருந்தது.

"ஏனுங்க செல்வி, என்ன ஆச்சு?" என்றேன்.

"ஒன்னு கட்டுனா ரொம்ப நேரம் தாங்கும்னு பாக்கெட்டுல போட்டிருக்குதுங்கக்கா. அதையே சாயங்காலம் வரைக்கும் உட்டுட்டேன். மாத்துனா காசு, மாத்தலீன்னா புண்ணு. நான் என்னதாங்க பண்றது?"

தாய்மார்களே, இது செல்வி ஒருவரின் கேள்வியா? நம் லயம் முழுவதும் வாய்க்குள் விழுங்கி வைத்திருக்கும் கேள்வி அல்லவா?

அன்றே தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்தேன். மெல்லிய பருத்தித் துணி, நடுவில் பழைய துண்டை மடித்து ஒரு பட்டை, இருபுறமும் நாடா. அவ்வளவுதான்! நனைந்தால் அவிழ், அலசிக் காயப்போடு, மறுபடி கட்டு. கோடை முழுவதும் அந்தத் துணிகள் உழைத்தன. புண் ஆறியது. பாக்கெட்டுக்குப் போன பணம் பாலாகவும் முட்டையாகவும் வீட்டுக்குள் வந்தது. தூக்கியெறியும் பொருளுக்குத் தேயவா நம் கூலி? தொட்டிலுக்குத் தேவையில்லாததற்குக் கரையவா நம் உழைப்பு?

அதோ, கடைக்கார ஜுலைகா எழுந்துவிட்டார். என்னம்மா?

"ஏனுங்கக்கா, மேடை ஏறி இப்படிப் பேசுனா என்ற கடைக்கு நான் பூட்டுதான் வாங்கோணும்!"

பூட்டு வேண்டாம், ஜுலைகா. பருத்தித் துணியை மீட்டர் கணக்கில் வாங்கி வையுங்கள். முதல் கிராக்கி நான்தான்! உட்காருங்கள், கைதட்டல் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்படியிருக்க, வந்தது மழை. நம் மழையைப் பற்றி நான் உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? கொடியில் போட்ட துணி காய்வதற்குப் பதிலாகக் கூடுதலாய் நனையும் ஊர் இது! அடுப்படியில் போட்டால் புகை. கட்டிலுக்கு மேலே போட்டால் பூஞ்சை. காய்ந்த துணி இல்லாமல் செல்வி தவித்தார். ஃபேக்டரியில் வேலை பார்க்கும் அவர் கணவர் பாண்டியராஜ் என்ன செய்தார் தெரியுமா? இலை வாட்டும் மாடியில் இதமான காற்று வீசுகிறதே என்று, அத்தனை துணியையும் கொண்டுபோய் அங்கே வரிசையாகத் தொங்கவிட்டுவிட்டார்!

தூளின் தரத்துக்குப் பொறுப்பான டீ மேக்கர் மாடியேறி வந்தார். மூக்கைச் சுளித்தார்.

"யாருய்யா இங்க ஊட்டுத் துணியக் காயப் போட்டது?"

"நல்லா அலசுனதுங்க சார். நம்ம பாப்பாதுங்க."

"பாப்பாதுன்னா? இலை என்ன தாலாட்டா பாடப் போகுது? டீ குடிக்கறவன் சோப்பு நாத்தம்னு கப்பைத் திருப்பி வெச்சுருவான்!"

கொழுந்துக்கு அப்படி ஒரு குணம். பக்கத்தில் எந்த வாசனை இருந்தாலும் இழுத்துக்கொள்ளும். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பாண்டியராஜுக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் தகப்பனின் பாசம் தொழிலின் பாடத்தை மறக்கடித்துவிட்டது. இலையை ஒதுக்கினார்கள். பாண்டியராஜுக்கு மெமோ. இனி ஃபேக்டரி வளாகத்துக்குள் வீட்டுத் துணியே வரக்கூடாது என்று ஐயா ஆணையிட்டார்.

ஐயா, அன்று தாங்கள் சினந்தது முறையே. இந்த மேடையில் நின்று ஒப்புக்கொள்கிறேன். தேயிலை கெட்டால் நம் அனைவரின் சோறும் கெடும். ஆனால் ஆணை மாடியோடு நிற்கட்டும் என்றுதான் கேட்கிறேன். அதற்குப்பின் காய்ந்த துணியின்றிச் செல்வி ஒருமுறை விடுப்பும் எடுத்துவிட்டார். தாங்கள் பெரிய மனதோடு அதை மன்னித்தீர்கள். மறுபடி எடுத்தால் நிரந்தரம் என்ற சொல்லே நழுவிப் போகும். பாக்கெட் வாங்கவோ கையில் காசில்லை.

ஃபேக்டரிக்குப் பின்னே, உலைச் சுவரை ஒட்டி விறகுக் கொட்டகை இருக்கிறது. அங்கே இலை வருகிறதா? வராது. தூள் வருகிறதா? வராது. அங்கே வருவது உலையின் வெப்பம் ஒன்றுதான். ஈர விறகை அந்த வெப்பம் உலர்த்துகிறதே, ஐயா! எரியப் போகும் கட்டைக்குக் கிடைக்கும் கதகதப்பு, வளரப் போகும் குழந்தையின் துணிக்குக் கிடைக்கக் கூடாதா? சாம்பலாகும் மரத்துக்கு உண்டு. தளிராகும் உயிருக்கு இல்லையா?

நெருப்புக்கு எட்டாத தூரத்தில் ஒரே ஒரு கொடி போதும். விறகு அடுக்கும் சரத் தம்பியிடம் கேட்டுவிட்டேன். "மேல காலியாத்தாங்க்கா கெடக்குது" என்கிறார். துணியைப் போடவும் எடுக்கவும் எங்கள் குழுவினரே முறை வைத்து வருவோம். இலையில் இம்மியளவு வாசனை ஏறியதென்று டீ மேக்கர் சொன்னால், அந்தக் கொடியை அவிழ்க்கும் முதல் கை இந்தச் சுஜாதாவின் கையாக இருக்கும்!

ஐயா மெல்ல ஏதோ சொல்கிறார்... "அடுத்த கூட்டத்துல பார்க்கலாம்மா" என்கிறார். அடுத்த கூட்டம் மழை விட்ட பிறகு, ஐயா. அதற்குள் செல்வியின் பணி நிரந்தரம் கைநழுவிப் போயிருக்கும். கொட்டகை அப்போதும் காலியாகவே கிடக்கும்!

கைதட்டலை நிறுத்துங்கள் தாய்மார்களே, ஐயாவின் பதில் என் காதில் விழ வேண்டும்.

பொறுமையோடு செவிமடுத்த பெரியோர்க்கும், தலைமை தாங்கிய ஐயாவுக்கும், இடையிடையே அழுது என் கட்சிக்கு வலுச்சேர்த்த குழந்தைகளுக்கும் நன்றி கூறி வணங்குகிறேன். நாளைக் காலையில் செல்வி குழந்தையோடு காப்பகத்து வாசலில் நிற்பார். அதற்கு முன் உங்கள் பதிலைச் சொல்லிவிடுங்கள், ஐயா.