அறையோடு சேர்ந்த சுவிட்ச்

எனக்கு மீன் வாசனை பிடிக்காது. அதைத் தவிர அந்த அறையில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ராயபுரத்தில் தனி ஆளுக்கு அறை கிடைப்பது கடினம். மனைவியை இழந்தவனுக்கு இன்னும் கடினம், ஆயிரம் கேள்வி கேட்பார்கள். வீட்டுக்காரம்மா இருதயம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"சம்சாரம் எப்பிடி நைனா தவறிச்சி?"

"ஒடம்பு சரியில்ல" என்றேன். சிலுவை போட்டுக்கொண்டார். அத்தோடு முடிந்தது.

அது இரண்டாயிரத்து மூன்று, பிப்ரவரி. இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவரோடு ஒட்டிய பழைய மாடி வீடு. முதல் மாடியில் தெருவைப் பார்த்த அறை எனக்கு, பின்பக்கம் இருதயம்மாளுக்கு. கட்டில், மெத்தை, இரும்பு பீரோ, மேசை, நாற்காலி, மின்விசிறி எல்லாம் இருந்தன. ஒரு பெட்டியோடு போனேன். சாவியைக் கொடுக்கும்போது கதவருகே இருந்த கறுப்பு சுவிட்சைக் காட்டினார்.

"இது மோட்டாரு நைனா. ரூமோட சேந்தது. இங்க யாரு கீறாங்களோ அவுங்கதான் போடணும். போடறதுக்கு முன்னாடி கீழ பாத்து கூவு. அவுங்க போடுன்னா போடு. இல்லாங்காட்டி கைய வைக்காத."

காரணம் எளிமையானது. பின்கட்டில் ஒரு கைப்பம்பு இருந்தது. மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரையும் அதே குழாயில் இணைத்திருந்தார்கள். மோட்டார் ஓடும்போது பம்பின் இரும்பில் மின்சாரம் கசியும். மாற்றச் சொல்லி எலெக்ட்ரீஷியன் இரண்டு முறை சொல்லியிருக்கிறான். ஒரு வயரை மாற்றுவதற்குப் பதிலாகப் பதினாறு வருடம் கூவியே காலத்தை ஓட்டியிருக்கிறார்கள். அந்த மனிதர்களைப் பற்றி இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

நான் பி.எஸ்சி. வேதியியல். எண்ணூரில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வுக்கூடத்தில் வேலை. மின்சாரமும் கொஞ்சம் தெரியும். ஒரு ஞாயிற்றுக்கிழமையில் அதைச் சரிசெய்திருக்கலாம். யாரும் என்னைக் கேட்கவில்லை.

கீழே ஜெரியும் அவன் மனைவி கரோலினும் இருந்தார்கள். ஜெரிக்குத் துறைமுகத்தில் வேலை. இருவருக்கும் மெதுவாகப் பேசத் தெரியாது.

"இது மீனாய்யா? போன கிறிஸ்மஸ்ல செத்தது மாரி கீது" என்பாள் கரோலின், அவன் வாங்கி வந்ததைப் பார்த்து.

"துன்றதுன்னா துன்னு. இல்லாட்டி செத்துத் தொல, எனக்கும் நிம்மதி."

"நான் இன்னாத்துக்கு சாவணும்? நீ போய்ச் சேரு. ஹார்பர்ல துட்டு குடுப்பான். கலர் டிவி வாங்கி ஜாலியா குந்திகினு பாப்பேன்."

"என் போட்டோவ டிவி மேல வையி."

"அந்த மூஞ்சிய வச்சா டிவி புட்டுக்கும்."

பிறகு சிரிப்பார்கள். பத்து நிமிடத்தில் ஒரே தட்டில் சாப்பிடும் சத்தம் கேட்கும். செத்துத் தொலை என்ற சொல்லை ஜெரி ஒரே வாரத்தில் பதினொரு முறை சொன்னான். சொல்லுக்குப் பொருள் உண்டு என்பது அவர்களில் யாருக்கும் தெரியாது.

நானும் என் மனைவி மதியும் திருவொற்றியூரில் மூன்று வருடம் குடியிருந்தோம். அந்த வீட்டில் ஒருவர் குரலும் உயர்ந்ததில்லை. ஷிஃப்ட் முடிந்து வருவேன், அவள் தட்டு வைப்பாள், நான் பேப்பர் படிப்பேன். வீட்டில் ஆள் இருக்கிறார்களா என்று பக்கத்து வீட்டார் கேட்டிருக்கிறார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

குழாயில் விடிகாலை ஒரு மணி நேரம்தான் தண்ணீர். நான் மாடிப்படியில் நின்று "மோட்டார் போடறேன்" என்பேன். ஜெரி படுத்தபடியே "போடு மாமு" என்பான். பார்க்காமலே சொல்வான். ஒருநாள் பின்கட்டிலிருந்து கரோலின் அலறினாள்.

"நான் பம்ப புடிச்சிகினு கீறேன், நீ பாட்டுக்கு போடுன்ற! கட்னவள கொல்றதுக்கு இதான் வழியா?"

"சும்மா ஒரு டெஸ்ட்டு" என்றான் ஜெரி. இருவரும் சிரித்தார்கள். நான் சுவிட்சில் கை வைத்தபடி நின்றிருந்தேன். மறுநாளும் அவன் படுத்தபடியேதான் "போடு" என்றான்.

கரோலின் எனக்குக் கிண்ணத்தில் குழம்பு கொண்டுவருவாள். கொட்டிவிட்டுக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுப்பேன். ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை கிண்ணத்தை வாங்க வந்தவள் கதவருகே நின்றாள்.

"எங்க சத்தம் உங்களுக்குப் பேஜாரா கீதாண்ணா?"

"பரவாயில்ல."

"சண்ட போட்டுட்டா போயிடும்ண்ணா. மனசுல வச்சிகினாதான் கஷ்டம். நீங்க அண்ணியாண்ட சண்ட போடுவீங்களா?"

"இல்ல. ஒருநாளும் இல்ல."

அவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள்.

"அய்யோ பாவம் அண்ணி" என்றாள். இறங்கிப் போனாள்.

அந்தப் பேச்சுக்கும் மறுநாள் நடந்ததற்கும் தொடர்பில்லை. நீங்கள் அப்படி எழுதிக்கொள்வீர்கள் என்பதால் சொல்கிறேன்.

மறுநாள் ஞாயிறு. முதல் பூசைக்குப் போக வேண்டும் என்று கரோலின் சீக்கிரமே எழுந்துவிட்டாள். இருதயம்மாள் அதற்குமுன்பே கோயிலுக்குப் போயிருந்தார். நான் எழுந்து சட்டை போட்டுக்கொண்டேன். பின்கட்டில் பம்பு அடிக்கும் சத்தம் கேட்டது. குடம் நிறையும் சத்தமும் கேட்டது. அவள் ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தாள். நான் கூவவில்லை. சுவிட்சைப் போட்டேன்.

பாட்டு நின்றது. குடம் உருண்டது. ஜெரி ஓடுவதும், "மோட்டார நிறுத்து, மோட்டார நிறுத்து" என்று கத்துவதும் கேட்டன. பெட்டியிலிருந்து பேஸ்ட்டை எடுத்தேன். மூடி இறுக்கமாக இருந்தது. அதைத் திறந்த பிறகு அணைத்தேன்.

நீங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து விபத்து என்று எழுதிக்கொண்டு போனீர்கள். என்னிடம் கேட்டபோது, வழக்கம்போலத்தான் போட்டேன் என்றேன். அதற்கு மேல் நான் பொய் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. ஜெரியே சொல்லிவிட்டான்.

"நான்தான் சார் போடுன்னு சொன்னேன். தூக்கத்துல சொல்லிட்டேன். மாமு கூவுனது என் காதுல வுழுந்திச்சி சார்."

என் குரலைக் கேட்டதாக அவன் சத்தியம் செய்தான். தினமும் கேட்கிறவனுக்கு அன்றும் கேட்டிருக்கிறது. அடக்கம் முடிந்து வந்தவன் என் அறையில் தரையில் உட்கார்ந்து என் காலைப் பிடித்துக்கொண்டான்.

"நீ இன்னா பண்ணுவ மாமு. நீ கேட்டுட்டுத்தான் போட்ட. உம்மேல எனக்கு ஒண்ணும் இல்ல. நான்தான் அவள கொன்னுட்டேன்."

என்னை மன்னித்தான். அவனைவிட அறிவில்லாத ஒருவனை நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு வீட்டில் சத்தம் இல்லை. ஜெரி வேலைக்குப் போகவில்லை. யாரிடமும் பேசவில்லை. ஒரு மாதம் நான் நன்றாகத் தூங்கினேன். போன வியாழக்கிழமை காசிமேட்டில் கடலில் இறங்கியவனை மீன்பிடிக்கப் போனவர்கள் இழுத்துப் போட்டிருக்கிறார்கள். அரசு மருத்துவமனையில் கட்டிலோடு கட்டி வைத்திருக்கிறார்கள். "அவுத்துவுட்டா மறுபடியும் போய்டுவேன்னு சொல்றான் நைனா" என்று இருதயம்மாள் அழுதார்.

அதனால்தான் வந்தேன். இரக்கம் என்று எண்ண வேண்டாம். செய்யாத ஒன்றுக்காக ஒருவன் சாவது மடத்தனம். படுத்துக்கொண்டு கூவுவதைத் தவிர எதையும் செய்யத் தெரியாதவன், இதையும் தான் செய்ததாகச் சொல்லித் திரிகிறான். அன்று யாரும் கூவவில்லை, யாரும் "போடு" என்று சொல்லவில்லை என்று அவனுக்கு எழுத்தில் காட்டுங்கள். கரோலினைக் கொன்றது நான். பம்பில் அவள் கை இருப்பது தெரிந்துதான் போட்டேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

என் மனைவியைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மதிக்கு என்னிடம் ஒரு குறையும் இருந்ததில்லை, இருந்திருந்தால் சொல்லியிருப்பாள். மின்விசிறியில் தொங்கிய அன்று காலையிலும் எனக்குக் காபி போட்டு மேசையில் வைத்திருந்தாள். நல்ல மனைவி. அன்றும் ஒரு வார்த்தை பேசவில்லை.