நுரை கட்டும் மீன்

எழுவைதீவுப் படகில் எனக்கு முன்னே இரண்டு பெண்கள். அலை தெறித்ததும் மூத்தவர் மடியில் மீனோடு இருந்த போத்திலைச் சேலைத் தலைப்பால் மூடினார்.

“மீனிலை கடல் தண்ணி பட்டிடப் போகுது.”

இளையவர் சிரித்துவிட்டார். “என்னக்கா, மீனுக்குக் கடல் ஆகாதோ?”

“இது குளத்து மீன், பிள்ளை. புளியங்கூடலிலை ஒருத்தர் வீட்டிலை வளர்க்கிறார், அவரிட்டை வாங்கினனான். மகளும் இந்த மீன்தான் வளர்த்தவள். கனடாவுக்குப் போகேக்கை தொட்டியோடை என்னட்டை விட்டிட்டுப் போனவள்.”

“அப்ப ஏன் திரும்ப வாங்கிறியள்?”

“முட்டை போடுற நேரம் ஆண் மீன் தண்ணிக்கு மேலை நுரை கட்டும். நுரை கட்டியிருக்கெண்டு சொன்னால், குஞ்சு வருமட்டும் ஒவ்வொரு நாளும் வீடியோவிலை வருவாள். இல்லாட்டி மாசக்கணக்கிலை சத்தமில்லை.”

“இப்ப கட்டியிருக்கோ?”

“மீனெல்லாம் போன கிழமை செத்துப்போச்சு. ஆனால் நான் மகளிட்டை கட்டியிருக்கெண்டு சொல்லிப்போட்டன். பின்னேரம் வீடியோவிலை எடுப்பாள்.”

“புது மீன் இண்டைக்கே நுரை கட்டாதே, அக்கா. பாத்தவுடனை கண்டுபிடிச்சிடுவாள்.”

“கண்டுபிடிக்கட்டும். ஏன் பொய் சொன்னனியள் எண்டு கேக்கவாவது கொஞ்ச நேரம் கதைப்பாள்.”