முதலாமிடம்: யோகநாதன், பாரிஸ் 10

ஐங்கரன்: … ஒரு கையெழுத்துத்தானே அண்ணை. நாலே நாலு வரி. நானே எழுதிக்கொண்டு வந்திட்டன்.

யோகநாதன்: வாசி பாப்பம்.

ஐங்கரன்: "ஊர்ச் சங்கத் தலைவராகிய நான், சூதாட்டப் போட்டியொன்றில் பங்குபற்றியதற்காக மனம் வருந்துகிறேன். இனிமேல்…"

யோகநாதன்: நிப்பாட்டு. மனம் வருந்தேல்லை.

ஐங்கரன்: அண்ணை…

யோகநாதன்: வருந்தேல்லை எண்டுறன். அறுநூற்றிப் பன்னிரண்டு பேர் விளையாடின போட்டி. முதலாவதா வந்ததுக்கு எவனாவது வருந்துவானோ? கலா! ஐங்கரனுக்கு ஒரு தேத்தண்ணி!

கலாவதி: கேட்டது, கேட்டது. ரோல்ஸ் எண்ணெய்க்குள்ளை கிடக்கு. பொறுங்கோ.

ஐங்கரன்: அஞ்சு மணிக்குக் கூட்டம். கடிதம் இல்லாமல் போனனெண்டால் உங்களைத் தலைவர் பதவியிலை இருந்து தூக்குவினம். பதினொரு வருசம் இருந்த கதிரை அண்ணை.

யோகநாதன்: தூக்கட்டும். நான் எழும்பித் தாறன், அவைக்குப் பாரம் குறையும்.

ஐங்கரன்: பகிடி விடாதேங்கோ. ரூ பெர்தொனே தெரு முழுக்க இதுதான் கதை. நகைக்கடையிலை மறிச்சுக் கேக்கினம். சலூனிலை பாதித் தலை வெட்டினபடி கேக்கினம். செயலாளர் நான், என்னத்தைச் சொல்ல?

யோகநாதன்: ஓம் எண்டு சொல்லு. வெண்டது உண்மை எண்டு சொல்லு.

ஐங்கரன்: அதுக்கு என்ரை வாய் எதுக்கு? இந்தாங்கோ, பொருளாளர் தனோஜன் எடுத்துத் தந்த பிரிண்ட். முதல் வரியிலையே கிடக்கு. "கூப் து கனால் போக்கர் கோப்பை, பதின்மூண்டாம் வருசம். முதலாமிடம்: யோகநாதன், பாரிஸ் 10." படம்தான் இல்லை.

யோகநாதன்: படம் போட வேண்டாமெண்டு எழுதிக் குடுத்தது. கீழையும் வாசிச்சனியோ?

ஐங்கரன்: கீழை என்னத்துக்கு? முதல் வரியே எனக்குத் தலையிடி.

யோகநாதன்: சூது, சூது எண்டு எழுதிறாய். இந்தக் கோப்பையின்ரை சரித்திரம் தெரியுமோ உனக்கு?

ஐங்கரன்: சரித்திரம் கேக்கவோ நான் வந்தனான்?

யோகநாதன்: தேத்தண்ணி வருமட்டும் கேள். ரெண்டாயிரத்துப் பன்னிரண்டிலை, ரயில்வேயிலை பென்சன் எடுத்த ஒரு மனிசன் கனால் பக்கத்திலை ஒரு பின்னறையிலை துவங்கினது. நாப்பத்தெட்டுப் பேர். முதல் கோப்பையை லீல் ஊர் லொறிக்காரன் ஒருத்தன் கொண்டுபோனவன். பிறகு மார்சேயிலை கணக்குப் படிப்பிக்கிற வாத்தி, அவன் ரெண்டு தரம்…

ஐங்கரன்: வாத்தியோ? போக்கரோ?

யோகநாதன்: ஓம், வாத்தி. அவனை அங்கை ஒருத்தரும் கடிதம் எழுதச் சொல்லேல்லை. கொரோனா வருசம் நடக்கேல்லை. அடுத்த வருசம் மாஸ்க்கோடை நடந்தது. வாய் தெரியாது, கண்ணை மட்டும் பார்த்து விளையாடினவை. இப்ப மூண்டு நாள் போட்டி. இவ்வளவு வருசத்திலை எங்கடை லா ஷப்பலிலை இருந்து ஒரு பேர்கூட அந்தப் பட்டியலிலை ஏறேல்லை. இப்பதான் ஏறியிருக்கு. எனக்கு நெஞ்சு நிமிருது. நீ குனியச் சொல்லுறாய்.

ஐங்கரன்: உங்கடை நெஞ்சு நிமிரட்டும். சங்கத்தின்ரை மானம் என்னாகிறது?

யோகநாதன்: மானமோ? போன மாசம் சென் தெனியிலை செத்த வீடு. பெட்டி வர முந்தியே விளையாடுற கடதாசிக் கட்டு வந்திட்டுது. ஆர் கொண்டு வந்தது?

ஐங்கரன்: … அது 304, எங்கடை ஊர் ஆட்டம்.

யோகநாதன்: கொண்டு வந்தது ஆரெண்டு கேட்டனான்.

ஐங்கரன்: நான்தான். ஆனா அது வேறை அண்ணை. செத்த வீட்டிலை ஆக்கள் நித்திரை முழிக்க வேணும். அது துக்கம் விசாரிக்கிற மாதிரித்தான்.

கலாவதி: துக்கம் விசாரிக்கேக்கை "போடடா துரும்பை" எண்டு கத்தினது கீழ்வீட்டு வெள்ளைக்காரிக்கும் கேட்டது தம்பி.

ஐங்கரன்: அக்கா, நீங்கள் அடுப்பைப் பாருங்கோ… ஆனா எனக்கு ஒண்டு விளங்கேல்லை அண்ணை. கோவிக்கக்கூடாது.

யோகநாதன்: சொல்லு.

ஐங்கரன்: 304 இலை நூற்றறுபதுக்கு மேலை கேக்கச் சொன்னாலே உங்களுக்கு வேர்க்கும். கை நிறைய நல்ல கடதாசி வைச்சுக்கொண்டு "பாஸ்" எண்டுவியள். உங்களோடை சோடி சேர ஒருத்தரும் வாறதில்லை. நீங்கள் எப்பிடி…

யோகநாதன்: மனிசன் மாறக்கூடாதோ?

ஐங்கரன்: கடைசி ஆட்டம் என்னெண்டு நடந்தது? அதையெண்டாலும் சொல்லுங்கோ.

யோகநாதன்: கூட்டத்துக்கு நேரமாச்செண்டாய்?

ஐங்கரன்: கிடக்கட்டும். சொல்லுங்கோ.

யோகநாதன்: ம்… ரெண்டு பேர்தான் மிச்சம். எதிரிலை போர்தோக்காரன் ஒருத்தன், பெரிய ஆள். கையிலை ரெண்டும் ஏழும். ஒண்டுக்கும் உதவாத கடதாசி…

கலாவதி: மூண்டும் எட்டும்.

யோகநாதன்: ஓ… மூண்டும் எட்டும். இருந்த ஜெத்தோன் வில்லை முழுக்க நடுவிலை தள்ளி, அவனை வெருட்டி…

ஐங்கரன்: பொறுங்கோ, பொறுங்கோ. அக்காவுக்கு எப்பிடித் தெரியும்?

யோகநாதன்: நான் சொன்னது. வீட்டிலை சொல்லுறதுதானே.

ஐங்கரன்: நீங்கள் சொல்லி அவவுக்கு ஞாபகம், விளையாடின உங்களுக்கு மறதியோ?

யோகநாதன்: வயசு போகுதடாப்பா…

ஐங்கரன்: சரி, அவன் ஏன் பயந்தவன்? அதைச் சொல்லுங்கோ.

யோகநாதன்: அவன்… அது வந்து…

கலாவதி: இந்தாங்கோ தேத்தண்ணி. சீனி போட்டிருக்கு.

ஐங்கரன்: அக்கா, உதென்ன, கரண்டியெல்லாம் ஒரு வெள்ளிக் கோப்பைக்குள்ளை நிக்குது?

கலாவதி: கரண்டி வைக்கத் தோதான உயரம். அதுதான் கூப் து கனால். தம்பி, அந்தப் போர்தோக்காரன் மூண்டு நாளும் சுவிங்கம் சப்பினவன். நல்ல கடதாசி வந்தால் வாய் நிண்டிடும். கடைசி ஆட்டத்திலை நிக்கேல்லை, சப்பிக்கொண்டே இருந்தவன். அவன் கையிலை ஒண்டுமில்லை எண்டு எனக்குத் தெரியும். தள்ளினன்.

ஐங்கரன்: … தள்ளினனோ?

யோகநாதன்: கலா!

கலாவதி: போதும். ரெண்டு கிழமையா நீங்கள் பேச்சு வாங்கிறியள், நான் குசினிக்குள்ளை நிண்டு கேக்கிறன். என்னாலை ஏலாது. வெண்டது நான். பேச்சு வாங்கிறதெண்டாலும் நான் வாங்கிறன்.

ஐங்கரன்: பட்டியலிலை அண்ணையின்ரை பேரெல்லோ…

கலாவதி: என்ரை அடையாளக் கார்த்திலை என்ன பேர் தம்பி? கலாவதி யோகநாதன். கலியாணம் கட்டி வந்த கையோடை இவரின்ரை பேரை எனக்குக் குடும்பப் பேரா எழுதிப்போட்டினம். போட்டிக்காரர் குடும்பப் பேரைத்தான் போடுறவை. நீங்கள் எல்லாரும் பார்த்த உடனை ஆம்பிளை எண்டு முடிவு கட்டினியள். மனிசியா இருக்குமோ எண்டு ஒருத்தருக்கும் ஒரு நிமிசம் தோணேல்லை.

யோகநாதன்: இவவை வைச்சு ரோட்டிலை கதைக்கக்கூடாது எண்டுதான் ஐங்கரன் நான்…

கலாவதி: கதைக்கட்டும். என்ரை பேரைச் சொல்லிக் கதைக்கட்டும்.

ஐங்கரன்: அக்கா… உங்களுக்கு ஆர் பழக்கினது?

கலாவதி: நீங்கள்தான்.

ஐங்கரன்: நானோ!

கலாவதி: இருபது வருசம் செத்த வீடுகளிலை உங்கள் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்தினனான். இருந்து விளையாட ஒருத்தரும் கூப்பிடேல்லை. பின்னாலை நிண்டு எல்லாற்றை கடதாசியும் பார்த்தன், முகத்தையும் பார்த்தன். தனோஜனுக்கு நல்ல கை வந்தால் பாட்டு முணுமுணுப்பான். உங்களுக்கு வந்தால் வலது காதைச் சொறிவியள். பொய்யெண்டால் இடது காது.

யோகநாதன்: கையை இறக்கடாப்பா. இடது காதிலைதான் நிக்குது.

ஐங்கரன்: … கூட்டத்திலை இதை என்னெண்டு அக்கா சொல்லுறது? தலைவரின்ரை மனிசி போக்கர் விளையாடுறா எண்டு சொன்னால்… அண்ணை விளையாடினதெண்டே இருக்கட்டும். கடிதத்திலை கையெழுத்துப் போட்டால் உங்கடை பேர் வெளியிலை வராது.

கலாவதி: நான் வெண்டதுக்கு இவர் மன்னிப்புக் கேக்கவோ? செத்தாலும் விடமாட்டன்.

யோகநாதன்: கேட்டியோ? அறுநூற்றிப் பதினொரு பேரை வெண்டவளோடை நான் என்னெண்டு வாதாட?

ஐங்கரன்: பொறுங்கோ… மூண்டு நாள் போட்டி எண்டியள். நேரம் எங்காலை? புதன்கிழமையெண்டால் நீங்கள் சென் தெனிக்குப் பிரெஞ்சு வகுப்புக்கெல்லோ போறனீங்கள்? என்ரை மனிசி சுபாங்கியையும் கூட்டிக்கொண்டு.

கலாவதி: ம்.

ஐங்கரன்: மூண்டு நாள் விசேசப் பரீட்சை எண்டு சொல்லிப்போட்டு அவவும் உங்களோடைதான் வந்தவ. ஆறு மாசமாப் படிக்கிறா, திரான்சி வீட்டுக்கு வாற பிரெஞ்சுக் கடிதம் எல்லாம் இன்னும் நான்தான் வாசிக்கிறன்… என்ன போனைத் தட்டுறியள் அக்கா?

கலாவதி: சுபாங்கியிட்டை ஒண்டு கேட்டனான். சொல்லட்டோ எண்டு.

ஐங்கரன்: என்னத்தைச் சொல்ல?

கலாவதி: "சொல்லு" எண்டு போட்டிருக்கிறா. தம்பி, அந்தப் பிரிண்டைக் கீழையும் வாசியுங்கோ. கடைசி மேசையிலை ஒன்பது பேர்.

ஐங்கரன்: ரெண்டு… போர்தோ. மூண்டு… நாந்த். அஞ்சு, ஆறு… எட்டு, லீல். ஒன்பது…

யோகநாதன்: வாசி. கேக்குதில்லை.

ஐங்கரன்: … ஒன்பது…

கலாவதி: "ஒன்பதாமிடம்: ஐங்கரன், திரான்சி." கடிதத்தைக் கொண்டுபோய் முதல்லை சுபாங்கியிட்டைக் கையெழுத்து வாங்குங்கோ. அவ போட்டால் நானும் போடுறன்.