நைரி தேடுன சத்தம்

கால இந்தப் பக்கம் நீட்டிக்கோங்கம்மா, பஸ்ஸுல எடம் கம்மி, பெட்டிய நான் மடியில வச்சுக்கிறேன். கனம்தான். உள்ள உடையுற சாமான் ஒண்ணும் இல்ல, பழைய ரேடியோங்க. பாட்டு கேக்குறதுக்கு இல்ல. பிரிச்சு, ஒயர இங்கேருந்து அங்க மாத்திக் குடுத்து, அதுவா சத்தம் போடுற மாதிரி நைரி பண்ணது. போர்ட் சாமர்ஸ்ல, துறைமுகத்துல மரக்கட்டைய அடுக்கி வச்சிருக்கான்ல, அதுக்கு மேல மேட்டுல அவ வீடு. அங்கேருந்துதான் வர்றேன்.

நானா? நான் முட்டை வெட்டுற கம்பி வாசிப்பேன். சிரிங்க, எல்லாரும் சிரிக்கிறதுதான். அவிச்ச முட்டையத் துண்டு போடுவோமே, அந்தக் கம்பி. அதுல குட்டி மைக்க ஒட்டி விரலால சுண்டினா சர்ச் மணி மாதிரி கேக்கும். அப்புறம் கேக் டின், சீஸ் துருவி, சைக்கிள் சக்கரம். ரயில் பட்டறையில முப்பது வருஷம் வேல பாத்துட்டு இதுக்கு வந்தேன். நைரி பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். அவகூட ஒரே வீட்டுல இருந்தவன் ராவிரி, இந்த நாட்டுப் பூர்வகுடி, மாவோரிக்காரன். அவங்க ஆளுங்களோட எலும்புக் குழல் இருக்குல்ல, விரல் நீளம்தான், அத வாசிப்பான். நாங்க மூணு பேரு. மொதல்ல எல்லாம் கேக்க வர்றவங்களவிட எங்க சாமான்தான் அதிகமா இருக்கும்.

இது நடந்து பதினோரு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கெழம மத்தியானம், பழைய சர்ச் ஹால்ல வாசிக்கிறோம். நாப்பது நிமிஷத்துல எனக்கு இருபது நிமிஷம்னு பேச்சு. ஒத்திகை முடிஞ்சதும் நைரி வந்து, அலி, உன் பாகத்தக் கொறச்சுட்டேன், ஆரம்பத்துல நாலு நிமிஷம் போதும், அப்புறம் ஓரமா உக்காந்துக்கோங்கிறா. ஏன்னேன். நீ மத்தவங்களக் கேக்க மாட்டேங்குற, உன்ன மட்டும்தான் கேட்டுக்கிட்டு இருக்கன்னா. ராவிரி குழலத் தொடச்சுக்கிட்டே தரையப் பாத்தான். அவ சொன்னது நெசம்தான். இப்ப சொல்றேன்.

நாலு நிமிஷம் வாசிச்சேன், போய் ஓரமா உக்காந்தேன். நைரி ரேடியோப் பெட்டிங்கள ஒண்ணொண்ணா சத்தம் ஏத்துறா, ராவிரி அடிக்குரல்ல குழல ஊதுறான். அப்ப ஒரு கொரல் வந்துச்சும்மா. யாரும் பாடல. ஒரு பொம்பள, வாய மூடிக்கிட்டு தொண்டைக்குள்ளயே பாடுற மாதிரி. ராவிரி ஊதுனா வரும், நிறுத்துனா அதுவும் நிக்கும். நைரி மூஞ்சி வெளுத்துப் போச்சு, ஆனா நிறுத்தல. ராவிரி கண்ண மூடிக்கிட்டு குழலாலயே அந்தக் கொரலோட பேச ஆரம்பிச்சுட்டான். அவன் கேப்பான், அது பதில் சொல்லும். முன்னாடி ஒருத்தர் உக்காந்திருந்தாரு, துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவரு, பொண்டாட்டி இழுத்துட்டு வந்திருக்கா. தொப்பியக் கழட்டி மடியில வச்சுக்கிட்டு அழுதாரு. நானும்தான் அழுதேன்.

பேப்பர்ல எழுதுனாங்க. ஆக்லாந்துலேருந்து கூப்ட்டாங்க, சிட்னிலேருந்து கூப்ட்டாங்க. போனோம். அந்தக் கொரல் வரல. ஹால்தான் காரணம்னு நைரி திரும்ப அதே ஹாலுக்கு வந்து பாத்தா. அங்கேயும் வரல. டீச்சர் வேலைய விட்டா. வீட்டுக் கூடத்துல சாக்பீஸால கோடு போட்டு, அன்னைக்கு எந்தப் பெட்டி எங்க இருந்துச்சோ அங்கேயே வச்சுப் பாத்தா. நாலாவது வருஷம் ராவிரி, அது வந்துச்சு, போச்சு, விட்ரு நைரின்னான். உனக்கு அக்கறை இல்லன்னு கத்துனா. கிஸ்போர்ன்ல இருக்குற அக்கா வீட்டுக்குப் போனவன்தான், திரும்பி வரல. குழலு சத்தத்துக்கு அவனோட பழைய டேப்புதான் இப்ப.

நான் விடல. வியாழக்கெழமையானா போயிடுவேன். சீஸ் ரோல் சுட்டு வச்சிருப்பா, தின்னுட்டு ரெண்டு பேரும் தேடுவோம். அந்தப் பெட்டி ரெண்டு விரக்கட தள்ளி இருந்துச்சோன்னு நானே சொல்லுவேன். தள்ளி வைப்பா.

இன்னைக்குப் போனா, எல்லாத்தையும் கட்டி வச்சுட்டா. சீஸ் ரோலும் இல்ல. அலி, ஒண்ணு கேக்குறேன் கோவிச்சுக்காத, அன்னைக்கு நீ ஏதாவது பண்ணியான்னா. நான் என்னத்தப் பண்றது, என்னத்தான் ஓரமா உக்கார வச்சுட்டியேன்னேன். சிரிச்சா. அப்ப அது என் கையிலதான் இருந்திருக்கு, எனக்கே தெரியாம போயிடுச்சுன்னு ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்தா. நீயே கொண்டு போ அலி, நீ ஒருத்தன்தான் என்ன விட்டுட்டுப் போகலன்னு இதத் தூக்கி என் கையில குடுத்தா.

நல்ல மனுஷனா? அட நீங்க வேற.

மாவுக்குள்ள கறி வச்சு சுட்ட பை வாங்கித் திங்கிறோம்ல, அதுக்கு அடியில அலுமினியத் தகடு ஒண்ணு வரும். ஒத்திகை முடிஞ்சு அவங்க ரெண்டு பேரும் டீ குடிக்கப் போனாங்க. நான் அந்தத் தகட்டத் தட்டையா மிதிச்சு, அவ ரேடியோ ஒண்ணுல ஸ்பீக்கர் துணிக்குப் பின்னாடி சொருகிட்டேன். கரகரன்னு அடிச்சு அவ மானத்த வாங்கட்டும்னுதான். குழல் சத்தத்துக்கு அதிர்ந்து அது பாடும்னு எனக்கென்ன தெரியும். சாமான் கட்டுறப்ப உருவிக் குப்பையில போட்டேன். அந்த வாரமே சொல்லியிருக்கலாம். பேப்பர்ல வந்துடுச்சு. அப்புறம் அவ வேலைய விட்டுட்டா. அப்புறம் ராவிரி போயிட்டான். ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் சொல்றது இன்னும் கஷ்டமாயிடுச்சு.

திரும்பிப் போய் அவகிட்ட சொல்லவா? தெரியும்மா, எறங்கினா எதிர்ப்பக்கமே பஸ்ஸு வரும். மூணு ஸ்டாப்பா அதத்தான் பாத்துக்கிட்டு வர்றேன்.

இந்தா, இந்த ஸ்டாப்பும் போச்சு.