திரளாத துளிக்கு உரியவருக்கு

பெருமதிப்பிற்குரிய அம்மையீர்! கண்ணுக்குப் புலப்படாத கிருமியின் அதனினும் மெல்லிய இழைகளைக் கட்டி மேய்த்தவரே! கழுவாத குடுவையைக் கண்டால் எவரையும் கழுவி ஊற்றத் தயங்காதவரே! வணக்கம்.

சிறுநீர்த் தொற்றை உண்டாக்கும் பாக்டீரியா, தன் மேல் முளைத்த இழைகளைக் கொண்டே சிறுநீரகத்தைப் பற்றிக்கொள்கிறது. அவ்விழைகளுக்கான மரபணுவை வெட்டியெடுத்து, இழையே இல்லாத சாதுவான பாக்டீரியா ஒன்றில் பொருத்துவது இங்கே தங்கள் முதற்பணி. பொருந்தியதா என்று காட்டுவது ஒரு துளி மனித இரத்தம். இழை முளைத்திருந்தால், கண்ணாடித் தகட்டில் அந்த பாக்டீரியாவோடு கலந்த இரத்தம் திரிதிரியாகத் திரளும். இரத்த வங்கிக்கு அலைய மனமின்றித் தாங்கள் தங்கள் விரலையே குத்திக்கொண்டீர்கள். ஒருமுறைகூடத் திரளவில்லை.

"ரெண்டு வருஷம் வீணாப் போச்சும்மா. எல்லாத்தையும் கொதிக்க வச்சுக் கொட்டிடுங்க" என்றார் அன்றைய இயக்குநர். வேறு எவராயினும் தலையாட்டியிருப்பார்கள். தாங்களோ, "கொட்டிடறேன் சார். அதுக்கு முன்னாடி உங்க விரலைக் கொஞ்சம் நீட்டுங்க" என்றீர்கள். ஊசியைக் கண்டாலே முகம் வெளுக்கும் அம்மனிதர் கண்ணை இறுக மூடிக்கொண்டு நீட்டினார். அவர் கண்ணைத் திறப்பதற்குள் அவருடைய துளி திரண்டுவிட்டது!

மரபணு முதலிலிருந்தே சரியாகத்தான் இருந்திருக்கிறது. அந்த இழைகள் பற்றிக்கொள்ளும் சர்க்கரை ஏறக்குறைய எல்லார் இரத்தத்திலும் உண்டு. தங்களுடையதில் அது இல்லை. அன்று முதல் எங்கள் சோதனை ஒவ்வொன்றிலும் திரள வேண்டிய துளி எவருடையதாயினும், ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் திரளக் கூடாத துளி எப்போதும் தங்களுடையது. கேட்டபோதெல்லாம் முகம் சுளிக்காமல் விரலை நீட்டினீர்கள்.

சென்ற ஆண்டு தங்களுக்கு அறுவை சிகிச்சை என்றதும், இன்றைய இயக்குநர் முதல் காவலாளி வரை இரத்தம் தர வரிசையில் நின்றோம். "இவங்களுக்கு உங்க ரத்தம் யாரோடதும் சேராது. ஏத்தினா உயிருக்கே ஆபத்து" என்று இரத்த வங்கி மருத்துவர் அத்தனை பேரையும் திருப்பி அனுப்பினார். தங்களைப் போலவே அந்தச் சர்க்கரை இல்லாத தங்கள் தங்கையுடையது மட்டும் சேர்ந்தது. வெளியூரிலிருந்து அவர் வந்து இறங்கும்வரை மருத்துவமனை வாசலை விட்டு நாங்கள் நகரவில்லை. இத்தனை ஆண்டு வாங்கிக்கொண்டே இருந்தவர்கள், திருப்பித் தர ஒரு துளிக்கும் உதவ மாட்டோம் என்று அன்று தெரிந்தது. அது வலித்தது.

ஆகவே அம்மையீர், தங்கள் பணிநிறைவு விழாவான இன்று, நூறாண்டு வாழ்க என்று பொதுவாகச் சொல்லிவிட்டு அமர எங்களால் இயலாது. ஈரத்தரையில் பார்த்து நடந்து வாழ்க! காய் நறுக்கும்போது பேச்சுக் கொடுக்காமல் வாழ்க! தெருமுனைக்குப் போனாலும் தலைக்கவசம் அணிந்து வாழ்க! தங்கையோடு ஒருநாளும் சண்டை போடாமல் வாழ்க!

என்றும் அன்புடன்,
நுண்ணுயிரியல் ஆய்வுக்கூடப் பணியாளர்கள்