நம்ம வண்டி

இன்ஸ்பெக்டர் முனிராஜ் சார், எனக்குக் காது கொஞ்சம் கூர்மை. பெருமைக்குச் சொல்லவில்லை. காக்ஸ் டவுனில் என் தெருவில் எந்த வீட்டு மிக்ஸியில் புஷ் தேய்ந்திருக்கிறது என்று வாசலில் நின்றபடியே சொல்லிவிடுவேன். நீங்கள் வந்து இறங்கிய ஜீப்பில் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. நேரம் கிடைக்கும்போது பிளக்கைப் பார்க்கச் சொல்லுங்கள்.

கன்னடம் எனக்குப் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதுகிறேன். உங்கள் ஏட்டய்யா கோலார் பக்கத்துக்காரர், தமிழ் வாசிப்பேன் என்கிறார். அவரே படித்துச் சொல்லட்டும். ஒரே ஒரு சொல்லை மட்டும் அவர் கன்னடமாக்காமல் அப்படியே விட வேண்டும். கன்னடத்திலும் அது அதே சொல்தான், ஆனால் அர்த்தம் வேறு. எல்லாம் அதனால் வந்ததுதான்.

நந்தி மலை விபத்தில் ஐம்பது வருடப் பழைய வண்டி, எஞ்சின் கோளாறு, இரண்டு பேர் சாவு என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். படித்துவிட்டு இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த எஞ்சினில் ஒரு கோளாறும் கிடையாது. அதைக் கட்டியவன் நான்.

1991இல் ஜே.சி. ரோட்டில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில்தான் சீனிவாசராகவனை முதலில் பார்த்தேன். கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவர், மல்லேஸ்வரத்தில் நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பம். ஒரு கேஸ்கெட்டின் பெயர் தெரியாமல் கையால் காற்றில் படம் வரைந்துகொண்டிருந்தார். நான் பக்கத்தில் நின்று பெயரைச் சொன்னேன். என்னைத் திரும்பிப் பார்த்து, "நீங்க தமிழா? நம்ம வண்டி ஒண்ணு ஷெட்ல இருபது வருஷமா படுத்துண்டிருக்கு. வந்து பாக்கறேளா?" என்றார்.

எனக்குச் சொந்த ஊர் திருப்பத்தூர், சார். எங்கள் ஊரில் 'எங்க' வேறு, 'நம்ம' வேறு. எங்க வீடு என்றால் நீ விருந்தாளி, காபி குடித்துவிட்டுக் கிளம்பலாம். நம்ம வீடு என்றால் அதில் உனக்கும் பங்கு உண்டு. முன்பின் தெரியாத ஒருவரிடம் முதல் வார்த்தையிலேயே 'நம்ம வண்டி' என்கிற மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அன்றைக்கே கூடப் போனேன்.

1951ஆம் வருஷத்து எம்.ஜி. கூரையில்லாத, இரண்டே இரண்டு சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். மைசூர் சர்க்காரில் உத்தியோகம் பார்த்த அவர் அப்பா, ஊருக்குத் திரும்பிய ஒரு காபித் தோட்டத் துரையிடம் வாங்கியது. எஞ்சினுக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. பிஸ்டன் நான்கும் சிலிண்டரோடு ஒட்டிப்போயிருந்தன. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற்றி அவற்றை அசைக்க மட்டும் மூன்று வாரம் ஆனது.

எட்டு வருடம், எல்லா ஞாயிற்றுக்கிழமையும். புதுப் பிஸ்டன்கள் இங்கிலாந்திலிருந்து வர ஏழு மாதம் பிடித்தது. கிராங்க் ஷாஃப்ட்டை நான் வேலை பார்க்கும் தொழிற்சாலைக்கு எடுத்துப்போய் அளந்தேன். நான் இன்ஸ்பெக்ஷன் பிரிவு. ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு தௌ. எங்கள் பேச்செல்லாம் அதில்தான். ஓசூருக்குப் பதவி உயர்வோடு மாற்றல் வந்தது. ஞாயிறு போய்விடும் என்று வேண்டாம் என்றேன். அம்மா பெண் பார்க்கக் கூப்பிட்ட தேதியில் எஞ்சினுக்கு ஹெட் ஏற்றுவதாக இருந்தது. ஊருக்குப் போகவில்லை. அம்மா மறுபடி கூப்பிடவும் இல்லை.

அந்த வண்டிக்கு இரண்டு கார்புரேட்டர். இரண்டும் ஒரே அளவு காற்றை இழுத்தால்தான் எஞ்சின் ஒழுங்காகப் பாடும். அதற்கு மெஷின் எல்லாம் இருக்கிறது. எனக்கு ஒரு முழம் ரப்பர் குழாய் போதும். ஒரு முனை காதில், மறுமுனை கார்புரேட்டரின் வாயில். இரண்டின் சீறலும் ஒன்றாகும்வரை ஸ்குருவைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அவர் காதிலும் வைத்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டார். "நம்ம வண்டி மூச்சு விடறது, உத்தமன்" என்றார். அவர் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான நாள் வேறு கிடையாது.

சோதனை ஓட்டங்களில் ராகவன் சார் ஓட்டுவார், நான் இடப்பக்கம் உட்கார்ந்து காதால் பார்ப்பேன். அந்த சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. அவர் மனைவி ருக்கு மாமி தூசி ஒத்துக்காது என்று ஏறமாட்டார். அவர்கள் மகள் நிருபமா அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். என்னை அங்கிள் என்பாள், காபி கொண்டுவந்து கொடுப்பாள். நல்ல பெண். அதில் எனக்கு இன்றைக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

போன அக்டோபரில் அவளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை சாய்கிருஷ்ணா, எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. பையன் ஷெட்டுக்கு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தான். ராகவன் சார் அவன் தோளில் கை போட்டு, "தீர்மானம் பண்ணியாச்சு. நம்ம வண்டி இனிமே நம்ம மாப்பிள்ளைக்கு" என்றார்.

நான் கையைத் துடைத்துக்கொண்டு மெதுவாகத்தான் கேட்டேன். "நம்ம வண்டின்றீங்க. என்னை ஒரு வார்த்தை கேக்கலியே சார்?"

ராகவன் சாருக்கு நான் கேட்டது நிஜமாகவே புரியவில்லை. நிருபமாவுக்குத்தான் புரிந்தது. அவள் சிரித்தாள், கேலியாக இல்லை. "அங்கிள், நாங்க பேசறதே அப்படித்தான். கன்னடத்துல எங்களுது, நம்மளுது எல்லாத்துக்கும் 'நம்ம'தானே? அப்பா பால்காரர்கிட்டகூட நம்ம வைஃப்னுதான் சொல்வா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். ராகவன் சார் சிரித்து முடித்துவிட்டுப் பையனிடம் என்னைக் காட்டினார். "இவர் இல்லேன்னா வண்டியே இல்லை. நம்ம மெக்கானிக்."

எட்டு வருடம், சார். ஒரு வால்வு ஒட்டியிருப்பதை அடுத்த தெருவிலிருந்து கண்டுபிடிக்கிற காது. ஒரு சொல்லை எட்டு வருடமும் தப்பாகக் கேட்டிருக்கிறது. ஏமாற்றிவிட்டார் என்றும் சொல்ல முடியவில்லை, அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. பொய் சொல்லியிருந்தால் மன்னித்திருப்பேன்.

நவம்பரில் பழைய கார்களெல்லாம் சேர்ந்து நந்தி மலைக்குப் போகிற ஞாயிறு வந்தது. "ஏறறப்போ நான் ஓட்டறேன், எறங்கறப்போ கொழந்தைகள் வரட்டும். நீங்க அம்பாஸடர்ல டூல்ஸ் எடுத்துண்டு பின்னாடியே வந்துடுங்கோ" என்றார் அவர். சரி என்றேன்.

அந்த வாரம் ஒரு பித்தளைப் புஷ் கடைந்தேன். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் காற்று வழியை மூடுகிற தண்டு ஒன்று உண்டு. அது சுழலும் இடத்தில் அதைச் சுற்றி நிற்கிற வளையம்தான் இந்தப் புஷ். இருக்க வேண்டியதைவிட இரண்டு தௌ இறுக்கமாக வைத்தேன். எஞ்சின் மிதமான சூட்டில் இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. மலை ஏறிச் சூடாகி, நின்று, இன்னும் சூடேறிய பிறகு ஒருமுறை நன்றாக அழுத்தினால் தண்டு திரும்பி வராது. கால் எடுத்தாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும். பிரேக்கை நான் தொடவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

அது ஒரு பரீட்சை, அவ்வளவுதான். சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தால் போதும், வண்டி தானாக அடங்கிவிடும். அந்த வண்டியோடு பழகியவனுக்கு அது யோசிக்காமலே வரும். வண்டி தன்னுடையது என்று சொல்லிக்கொள்கிறவனுக்கு அந்த அளவாவது தெரிந்திருக்க வேண்டும். சாய்கிருஷ்ணா அதில் தேறவில்லை.

மேலே டீ குடித்தோம். நிருபமா இடப்பக்கம் ஏறி உட்கார்ந்து, துப்பட்டாவால் தலையைக் கட்டிக்கொண்டாள். "உங்க சீட்டை எடுத்துண்டுட்டேன், கோவமா அங்கிள்?" என்றாள். "இல்லம்மா" என்றேன். ராகவன் சார் என்னிடம், "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டார். சரியாக இருக்கிறது என்றேன். அவர்கள் கிளம்பினார்கள்.

நான் மதில் ஓரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டாவது வளைவில் அழுத்தினான். சத்தம் ஏறியது, இறங்கவில்லை. நிமிஷத்துக்கு ஐயாயிரம் சுற்றுக்கு மேலே போயிருக்கும், சார். நான்கு சிலிண்டரும் ஒரே குரலில். ஒரு தடவைகூடத் தட்டவில்லை, இருமவில்லை. மூன்றாவது வளைவுவரை அப்படித்தான் இருந்தது. கோளாறு உள்ள எஞ்சின் அப்படிப் பாடாது.

ஆஸ்பத்திரியில் ருக்கு மாமி ஒரு மூலையில் தரையில் உட்கார்ந்திருந்தார். ராகவன் சார் சொந்தக்காரர்களையெல்லாம் விட்டுவிட்டு என்னிடம் வந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நம்ம கொழந்தை போயிடுத்து, உத்தமன்" என்றார். அவரைக் கட்டிக்கொண்டு நானும் அழுதேன். பொய் அழுகை இல்லை. அந்த 'நம்ம'வில் நான் இருந்தேன். இந்தமுறை என் காது தப்பாகக் கேட்கவில்லை.

ஏட்டய்யா மொழிபெயர்க்காமல் விட வேண்டிய சொல் அதுதான்.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். செய்தது நான்தான், தெரிந்தேதான் செய்தேன். எஞ்சின் கோளாறு என்கிற வரியை அடித்துவிடுங்கள். இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் காட்டிய படிவத்தில் வாகன உரிமையாளர் என்ற இடத்தில் சீனிவாசராகவன் என்று ஒரு பெயர்தான் இருக்கிறது. பக்கத்தில் என் பெயரையும் சேர்த்துவிடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.